கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் பயம்? ‘ஃபியர்’ கேம் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: “2005-ல் வந்த ‘ஃபியர்’ கேமைப் பற்றி இன்னும் ஏன் இவ்வளவு பேர் பேசுகிறார்கள்? கை நிறையத் துப்பாக்கி இருக்கும்போது ஒரு பேய் கேம் எப்படிப் பயமுறுத்தும்? இன்றைக்கு முதன்முதலாக விளையாடினால் பழசாகத் தெரியாதா? எந்தப் பாகத்தில் தொடங்குவது?”

நான் இதை முதலில் விளையாடியது 2006-ல். அதன் பிறகு ஐந்தாறு முறை முழுதாக முடித்திருக்கிறேன். கேமின் எதிரிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அதைச் செய்தவர்கள் எழுதியதையும் தேடிப் படித்தேன். அந்தத் தெம்பில் இந்தப் பதிலை எழுதுகிறேன். கதையின் கடைசி முடிச்சை மட்டும் அவிழ்க்கமாட்டேன். அது நீங்களாகப் போய்ச் சேர வேண்டிய இடம்.

முதலில் சுருக்கமாக அறிமுகம். ‘ஃபர்ஸ்ட் என்கவுண்டர் அசால்ட் ரீகான்’ என்பதன் சுருக்கம்தான் ‘ஃபியர்’. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த மோனோலித் புரொடக்‌ஷன்ஸ் உருவாக்கி, விவெண்டி யுனிவர்சல் 2005 அக்டோபரில் விண்டோஸ் கணினிக்கு வெளியிட்டது. அமானுஷ்யச் சம்பவங்களைச் சமாளிக்க அமெரிக்க ராணுவத்தில் ஒரு ரகசியப் பிரிவு. அதில் புதிதாகச் சேர்ந்தவர் நீங்கள். பெயர் கிடையாது, ‘பாயின்ட் மேன்’ என்று மட்டும் கூப்பிடுவார்கள். பாக்ஸ்டன் ஃபெட்டல் என்பவன் ஆர்மாச்சம் என்ற ஆயுத நிறுவனத்தின் குளோன் படையைத் தன் மனசாலேயே இயக்குகிறான். அவனைப் பிடிக்கப் போகிறீர்கள். போகிற வழியெல்லாம் சிவப்பு கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் கண்ணில் படுகிறாள். அவள் பெயர் ஆல்மா.

சரி, துப்பாக்கிக்கும் பயத்துக்கும் வருவோம்.

பேய் கேம் செய்பவர்கள் வழக்கமாக உங்களைப் பலவீனமாக்கித்தான் பயமுறுத்துவார்கள். தோட்டாவை எண்ணித்தான் கொடுப்பார்கள், அல்லது ஆயுதமே இருக்காது, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். ‘ஃபியர்’ நேர் எதிர்த் திசையில் போகிறது. பாயின்ட் மேனுக்கு மனிதர்களுக்கு இல்லாத வேகம் இருக்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் உலகமே மெதுவாகிவிடும், குண்டுகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் தடம் கண்ணுக்குத் தெரியும். ஷாட்கன் அருகில் வெடித்தால் எதிரி நிலைகுலைந்து விழுவான். பெனட்ரேட்டர் என்ற ஆயுதம் எதிரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடும். ஓடிவந்து சறுக்கி உதைக்கலாம், எகிறியும் உதைக்கலாம். அந்தக் கட்டடத்தில் உங்களைவிட ஆபத்தானவர் யாரும் இல்லை என்ற எண்ணத்தை ஒவ்வொரு சண்டையும் உங்களுக்குள் ஊட்டுகிறது.

அந்தத் தைரியத்தைக் கொடுப்பதே பிறகு அதைப் பிடுங்கத்தான். இந்த கேமில் எதிரில் வருபவை இரண்டு வகை: சுடக்கூடியவை, சுட முடியாதவை. குளோன் வீரர்கள் முதல் வகை. ஆல்மா இரண்டாவது வகை. மோனோலித் இந்த இரண்டையும் பெரும்பாலும் ஒரே அறையில் கலக்கவே இல்லை. நான் சொல்ல வருவதன் சாரமே இதுதான். ஆல்மா வரும் இடத்தில் வீரர்கள் இருக்கமாட்டார்கள். வீரர்கள் இருக்கும் இடத்தில் ஆல்மா வரமாட்டாள். அதனால் சண்டை முடிந்து அமைதி வந்ததும் மனம் தளர்வதற்குப் பதிலாக இறுகிக்கொள்கிறது. எதிரிகள் தீர்ந்துவிட்டார்கள் என்றால் அடுத்து வரப்போவது மற்றது. சுடும்போது நிம்மதியாக இருந்துவிட்டு, சுடுவதற்கு யாரும் இல்லாதபோது பயப்படுகிறோம். வேறெந்தத் துப்பாக்கி கேமிலும் இந்தத் தலைகீழ் உணர்வு எனக்கு இவ்வளவு சுத்தமாக வாய்த்ததில்லை.

இதற்கான அடித்தளத்தை ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறார்கள். முதல் பகுதியில் சண்டை என்று ஒன்றும் கிடையாது. பாழடைந்த கட்டடம், டார்ச் வெளிச்சம், உங்கள் காலடிச் சத்தம், அவ்வளவுதான். அதற்கடுத்த பகுதியில் உங்களோடு ராணுவத்தின் டெல்டா வீரர்கள் வருகிறார்கள். கவசம், பெரிய துப்பாக்கி, பயிற்சி எல்லாம் உள்ளவர்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய எலும்புக்கூடுகளை ரத்தக் குளத்தில் பார்க்கிறீர்கள். உங்களிடம் இருந்த அத்தனையும் அவர்களிடமும் இருந்தது. அதற்குப் பிறகு கையிலுள்ள துப்பாக்கியின் எடை மனசுக்குள் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

ஏணிக் காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். விளையாடியவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அது ஏன் வேலை செய்கிறது என்று பார்ப்போம். இந்த வகை கேமில் பார்வை உங்கள் கையில் இருக்கிறது. உருவாக்கியவர் எவ்வளவு நல்ல பேயைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், அந்த நொடியில் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால் எல்லாம் வீண். சினிமாவில் கேமராவை எங்கே வைப்பது என்று இயக்குநர் முடிவு செய்கிறார், இங்கே அது முடியாது. ஆனால் ஏணியில் கீழே இறங்க வேண்டுமென்றால் உடம்பைத் திருப்பித்தான் ஆக வேண்டும். முதுகு பள்ளத்தைப் பார்க்கும், முகம் நீங்கள் வந்த வழியைப் பார்க்கும். அந்த ஒரு நொடி நீங்கள் எங்கே பார்ப்பீர்கள் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கேதான் அவள் நிற்கிறாள், உங்கள் முகத்துக்கு நேராக. இரண்டு கையும் ஏணியில் இருப்பதால் அப்போது சுடவும் வழியில்லை. கட்டுப்பாட்டைப் பிடுங்கி ஒரு வீடியோவை ஓட்டாமல், நீங்களே விரும்பிச் செய்த ஒரு செயலுக்குள் பயத்தை வைத்திருக்கிறார்கள். தெரிந்தே போய் இறங்கினாலும் எனக்கு இன்னும் தோள் இறுகுகிறது.

இன்னொன்று, இதில் உங்களுக்கு உடம்பு இருக்கிறது. 2005-ல் பல துப்பாக்கி கேம்களில் நீங்கள் காற்றில் மிதக்கும் இரண்டு கைகள்தான். ‘ஃபியரில்’ குனிந்தால் கால் தெரியும், சுவரில் உங்கள் நிழல் விழும். தொங்கும் விளக்கு ஒன்று ஆடினால் அறையிலுள்ள எல்லா நிழலும் சேர்ந்து ஆடும். முதல் நாள் என் நிழலைப் பார்த்தே சுட்டேன். அந்த நிழல் நுட்பம்தான் அன்றைய கணினிகளைத் திணறவைத்தது. என்னிடம் இருந்த கிராஃபிக்ஸ் கார்டு தாங்காமல் எல்லாவற்றையும் குறைத்துவைத்தேன், நிழலை மட்டும் குறைக்க மனம் வரவில்லை. விநாடிக்கு இருபது இருபத்தைந்து ஃபிரேமில்தான் முழுக் கதையையும் முடித்தேன்.

ஒலியையும் சொல்ல வேண்டும். சண்டைக்கு இசை உண்டு, ஆனால் நீளமான பல இடங்களில் இசையே கிடையாது. எங்கோ குழாய் முனகும், தகரம் உருளும், ரேடியோவில் கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்புக்கு உங்கள் காது பழகிவிடுகிறது. பழகிய பிறகு, ஒன்றுமே வராத இடத்திலும் அதை ஒலிக்கவிடுகிறார்கள். கதையைக்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை. காலி அலுவலகங்களில் மினுக்கும் டெலிபோன்களில் பதிவாகியிருக்கும் குரல்களையும், விட்டுப்போன லேப்டாப்புகளில் உள்ளவற்றையும் கேட்டுக் கேட்டு நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும். ஆரிஜின் என்ற திட்டத்தில் ஒரு குழந்தையை வைத்து ஆர்மாச்சம் என்ன செய்தது என்பது அப்படித்தான் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆல்மா மேல் பயத்தோடு பரிதாபமும் வந்துவிடும். ஜப்பானியப் பேய்ப்படங்களின் பாதிப்பு இங்கே வெளிப்படையாகவே தெரிகிறது. முடி முகத்தை மறைத்த அந்தப் பெண் யாரையும் துரத்தி ஓடிவருவதில்லை. நின்று பார்க்கிறாள், நீங்கள் கண் சிமிட்டினால் இல்லை.

இனி எதிரிகளின் புத்தி. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த கேம் இருபது வருடம் தாண்டியும் பேசப்படுவதற்கு ஆல்மாவுக்குச் சமமான காரணம் இந்த வீரர்கள்.

அவர்களுடைய ஏ.ஐ.யை எழுதியவர் ஜெஃப் ஆர்கின். 2006-ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் அவர் கொடுத்த விளக்கம் இன்றும் அந்தத் துறையில் படிக்கப்படுகிறது. அதுவரை வழக்கமாக இருந்த முறை என்னவென்றால், ஒரு எதிரிக்குச் சில நிலைகளை எழுதிவைப்பார்கள்: ரோந்து, தாக்குதல், ஒளிதல். எந்த நிலையிலிருந்து எதற்கு எப்போது மாற வேண்டும் என்பதையும் மனிதர்களே எழுதிவைக்க வேண்டும். நிலைகள் கூடக்கூட முடிச்சு சிக்கலாகிவிடும். ஆர்கின் வேறு வழியைப் பிடித்தார். வீரனுக்கு ஒரு இலக்கைக் கொடு, அவனால் செய்யக்கூடிய செயல்களின் பட்டியலைக் கொடு. ஒவ்வொரு செயலுக்கும், அதைச் செய்ய என்ன தேவை, செய்தால் என்ன மாறும் என்பதை மட்டும் குறித்துவை. எதை எந்த வரிசையில் செய்வது என்பதை அவனே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். இந்த யோசனையின் வேர் 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஷேக்கி என்ற ரோபோவுக்காக எழுதப்பட்ட ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற திட்டமிடும் நிரலில் இருக்கிறது. நடக்கத் தெரியாமல் சக்கரத்தில் உருண்ட ஒரு ஆய்வுக்கூட ரோபோவின் மூளை, முப்பது வருடம் கழித்து குளோன் வீரர்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நடைமுறையில் இது எப்படித் தெரியும்? ஒரு வீரன் உங்களை நோக்கி வருகிறான், நடுவில் கதவு. திறக்கப் பார்க்கிறான். நீங்கள் கதவை முட்டுக்கொடுத்து நிற்கிறீர்கள். திட்டம் தோற்றுவிட்டது, உடனே வேறு திட்டம்: கதவை உதைக்கிறான். அதுவும் நடக்கவில்லையா, ஜன்னலைப் பார்த்துப் பாய்கிறான். “கதவு அடைத்திருந்தால் ஜன்னல்” என்று யாரும் வரிசையாக எழுதிவைக்கவில்லை. ஆர்கின் இன்னொரு அழகான உதாரணம் தருகிறார். ரோந்து போ, எதிரியைக் கொல் என்ற அதே இரண்டு இலக்குகளைப் படைவீரனுக்கும், கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கும் கொலைகாரனுக்கும், ஒரு எலிக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். வீரன் சுடுகிறான். கொலைகாரன் சுவரிலிருந்து பாய்கிறான். எலி சமர்த்தாக ரோந்து மட்டும் போகிறது, தாக்கும் செயல் அதன் பட்டியலில் இல்லை.

ஆனால் விளையாடுபவர்கள் மெச்சுவது தனி வீரனை அல்ல, அவர்கள் கூட்டாக நகர்வதை. “பக்கவாட்டில் சுற்றிவந்து மடக்கிவிட்டான்” என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி நுணுக்கமாகச் சுற்றிவளைக்கும் நிரல் எதுவும் அதில் இல்லை! குழுவுக்கு இருப்பவை எளிமையான நான்கே நடத்தைகள்: மறைவுக்குப் போவது, அடுத்த மறைவுக்கு முன்னேறுவது, ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காக நகர்வது, தேடுவது. ஒருவன் சுட்டுக்கொண்டே உங்களைக் கட்டிப்போடும்போது இன்னொருவன் தனக்கு ஒத்துவரும் அடுத்த மறைவைத் தேடி ஓடுகிறான். அந்த மறைவு உங்கள் பக்கவாட்டில் இருந்தால், அதுதான் நீங்கள் பார்க்கும் வியூகம்.

மீதி வேலையைச் செய்வது அவர்களுடைய வாய். ஒருவன் சுடப்பட்டால் இன்னொருவன் “உன் நிலைமை என்ன?” என்று கத்திக் கேட்கிறான், அடிபட்டவன் பதில் சொல்கிறான். எங்கும் ஒதுங்க இடமில்லாமல் ஒருவன் சும்மா நின்றுவிட்டால் அது நமக்கு நிரலின் குறையாகத் தெரியும். ‘ஃபியரில்’ ஒருவன் “மறைவுக்குப் போ!” என்கிறான், மற்றவன் “எங்கே போவது?” என்று திருப்பிக் கத்துகிறான். குறை அப்படியே பதற்றமாக மாறிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் உதவிப் படை கேட்பது. கேட்டதும் ஆளனுப்பும் ஏற்பாடு எதுவும் நிரலில் கிடையாது. ஆனால் அடுத்த அறையில் எப்படியும் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். பார்த்தவுடன் “கூப்பிட்டான், வந்துவிட்டார்கள்” என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். சண்டையிலும் சரி, பேயிலும் சரி, மோனோலித்தின் கை ஒன்றுதான்: பாதியை அவர்கள் வைக்கிறார்கள், மீதியை நம் தலைக்குள்ளேயே நடக்கவிடுகிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். இந்த கேமின் மேல் அன்று முதல் இன்று வரை சொல்லப்படும் பெரிய குறை, இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது. கிடங்கு, கழிவுநீர் நிலையம், அப்புறம் அலுவலகம், அலுவலகம், மறுபடியும் அலுவலகம். குறை உண்மைதான், நடுப்பகுதியில் எனக்கும் சலித்திருக்கிறது. ஆனால் அந்த அலுவலகங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தடுப்புகள், மேசைகள், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூன்று வழிகள், சுற்றிவந்தால் மறுபடி அதே இடத்துக்குத் திரும்பும் தாழ்வாரங்கள். இந்த வீரர்களின் புத்தி வெளியே தெரிவதற்கு அப்படிப்பட்ட இடம் வேண்டும். ஒற்றைச் சந்தில் நிறுத்தினால் எவ்வளவு புத்திசாலியும் முட்டாளாகத்தான் தெரிவான். குண்டு பட்ட சுவரிலிருந்து தூசி கிளம்பி அறை முழுக்க மூடிக்கொள்ளும்போது அந்தச் சாம்பல் நிற அலுவலகம் வேறொரு இடமாகிவிடுகிறது. தூசி அடங்கும்வரை காத்திருக்கும் அந்தச் சில நொடிகள்தான் சண்டையிலிருந்து பயத்துக்கு மாறும் வாசல்.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது கடைசிப் பகுதி. அங்கே நிழல் போன்ற சில உருவங்கள் உங்களை நோக்கிப் பறந்து வருகின்றன, ஓரிரு குண்டில் கரைந்துபோகின்றன. சுடக்கூடியது, சுட முடியாதது என்று அதுவரை காத்துவந்த பிரிவை அவர்களே அங்கே உடைத்துவிட்டார்கள். பேயைச் சுட முடியும் என்று கை கற்றுக்கொண்ட நொடியில் பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. முடிவுக் காட்சி நன்றாக இருப்பதால் அது மறந்துவிடும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு வருத்தம்தான்.

மோனோலித்துக்கு இது திடீரென்று வந்த திறமை இல்லை. 1997-லேயே ‘ப்ளட்’ என்ற ரத்தக்களரியான அமானுஷ்யத் துப்பாக்கி கேமைச் செய்தவர்கள் அவர்கள். 2014-ல் ‘ஷேடோ ஆஃப் மோர்டார்’ செய்தார்கள், அதில் உங்களைக் கொன்ற எதிரி உங்களை நினைவில் வைத்திருப்பான். 2025 பிப்ரவரியில் அதன் உரிமையாளரான வார்னர் அந்த நிறுவனத்தை மூடிவிட்டது. செய்தி வந்த வாரம் நான் ‘ஃபியரை’ மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

இன்று விளையாடினால் பழசாகத் தெரியுமா? முகங்கள் தெரியும், மெழுகுப் பொம்மை போல இருக்கும். ஒளியும் நிழலும் தூசியும் ஒலியும் அப்படித் தெரியாது. கணினிக்கு ஸ்டீம், ஜிஓஜி என்ற இரண்டு இணையக் கடைகளிலும் கிடைக்கிறது, இரண்டு துணைக் கதைகளும் சேர்ந்தே வரும். புதிய விண்டோஸில் ஒரு பழைய கோளாறு உண்டு. கணினியில் செருகியிருக்கும் கீபோர்டு, மவுஸ் போன்ற கருவிகளை கேம் கையாளும் விதத்தால், எவ்வளவு நல்ல கணினியானாலும் போகப்போக வேகம் இறங்கிக்கொண்டே வரும். ரசிகர்கள் செய்த ‘எக்கோபேட்ச்’ என்ற திருத்த நிரல் அதைச் சரிசெய்கிறது, பெரிய திரைகளில் எழுத்துகள் துளியூண்டாகத் தெரிவதையும் சரிசெய்கிறது. முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள். செட்டிங்கில் ‘சாஃப்ட் ஷேடோஸ்’ என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஓரங்களை வழவழப்பாக்கும் ஆன்டி-ஏலியாசிங் சேர்ந்து வேலை செய்யாது, ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரியும். ஹெட்போன் கட்டாயம். இன்னொன்று, எடுத்த எடுப்பில் கடினமான அளவை வைக்காதீர்கள். ஒரே இடத்தில் பத்து முறை செத்தால் அடுத்து வரும் அமைதி பயமாக இருக்காது, வெறும் ஓய்வாகப் போய்விடும். நடுத்தரத்தில் முடித்துவிட்டு, பிறகு வீரர்களின் புத்தியை ரசிப்பதற்காகவே கடினத்துக்குப் போங்கள்.

வரிசையைப் பற்றி. தொடக்கம் 2005 கேம்தான், வேறு பேச்சே இல்லை. துணைக் கதைகளான ‘எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்ட்’ (2006), ‘பெர்சியஸ் மேண்டேட்’ (2007) இரண்டையும் செய்தது டைம்கேட் என்ற வேறு நிறுவனம். பிற்பாடு மோனோலித் தன் கதையில் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதலாவதில் காலியான மருத்துவமனைக் காட்சிகள் நன்றாகப் பயமுறுத்தும், அதற்காகவே விளையாடலாம். இரண்டாவதை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். 2011-ல் வந்த மூன்றாம் பாகத்தைச் செய்தது டே 1 ஸ்டுடியோஸ். இருவர் சேர்ந்து விளையாடுவதற்காகச் செய்தது, ஒருவர் பாயின்ட் மேன், இன்னொருவர் ஃபெட்டல். நண்பரோடு விளையாட ஜாலியாக இருக்கும். ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் பேசிக்கொண்டே வந்தால் பயம் எங்கே நிற்கும்? அதைக் கடைசிக்கு வையுங்கள். மோனோலித்தே செய்த இரண்டாம் பாகம் 2009-ல் வந்தது. அதில் நிறம் கூடியிருக்கிறது, இடங்கள் மாறுகின்றன, பள்ளிக்கூடப் பகுதி அருமை. வீரர்கள் மட்டும் முதல் பாகத்தின் கூர்மையில் இல்லை. அதன் கதை முதல் பாகம் முடிவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னால், வேறொரு வீரனின் கண் வழியாகத் தொடங்குகிறது. அதனால் முதல் பாகத்தை முடித்ததும் இடைவெளி விடாமல் அடுத்த இரவே அதைத் தொடங்கிவிடுங்கள்.